உவர் நீரில் தீவனப் பயிர் வளர்ப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரப் பண்ணையாளருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையிலும், கல்முனையிலிருந்து திருக்கோவில், கோமாரி வரை நீளும் அம்பாறைக் கரையோர மணற்பரப்பிலும், கிணற்றை நம்பிப் புல் வளர்க்கும் பண்ணையாளர் பலரிடம் ஒரே முறைப்பாட்டைக் கேட்கலாம். மாரி ஓயும் வேளையில் நட்ட சீ.ஓ.3 என்ற கலப்பினப் புல் முதலிரண்டு வெட்டுக்குச் செழித்து வருகிறது. ஆனி, ஆடியில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிய பின்னர், அதே பாத்தியில், அதே எருவுக்கு, புல் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. இலை நுனி கருகுகிறது. யூரியா இட்டாலும் ஏறுவதில்லை.

எருக் குறைவு, பூச்சி, நடுதண்டின் தரம் என்று பல காரணங்கள் தேடப்படுகின்றன. கரையோரக் கிணறுகளைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. அதைவிட முக்கியமாக, தண்ணீர் போன பின்பு மண்ணில் தங்கிவிட்ட உப்பை. அந்த உப்பை எப்படி அளப்பது, எந்த நீருக்கு எந்தத் தீவனப் பயிரை வைப்பது, சேர்ந்த உப்பை எப்படி வேருக்குக் கீழே இறக்குவது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

உப்பின் கணக்கு

நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை அதன் மின்கடத்துதிறனைக் கொண்டு அறிகிறோம். உப்புக் கூடக் கூட நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். இதன் அலகு மீற்றருக்கு ஒரு டெசிசீமன். இங்கே சுருக்கமாக டெசிசீமன் என்றே எழுதுகிறேன். கைக்கருவிகள் சில சென்ரிமீற்றருக்கு இத்தனை மைக்ரோசீமன் என்று காட்டும். 1,000 மைக்ரோசீமன் என்பது ஒரு டெசிசீமன். ஒரு டெசிசீமன் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு இருக்கும். கடல்நீர் 50 டெசிசீமன் அளவில் நிற்கும்.

இப்போது கால் ஏக்கர் புற்றரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 பேர்ச்சஸ், சுமார் 1,010 சதுர மீற்றர். வெயில் காலத்தில் பயிருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் வேண்டும் என்று கொண்டால், வாரத்துக்கு 35 மில்லிமீற்றர், அதாவது சுமார் 35,000 லீற்றர் இறைக்க வேண்டும். கிணற்று நீர் 3 டெசிசீமன் என்றால் ஒவ்வொரு லீற்றரோடும் 1.9 கிராம் உப்பு வருகிறது. வாரத்துக்கு 67 கிலோ. நான்கு மாதம் மழையில்லாமல் இப்படியே இறைத்தால் ஒரு தொன்னுக்கும் மேலான உப்பை நம் கையாலேயே அந்தக் கால் ஏக்கரில் கொட்டிவிடுகிறோம். நீரைப் பயிர் குடிக்கிறது, வெயிலும் காற்றும் உறிஞ்சுகின்றன. உப்போ எங்கும் போவதில்லை. வெட்டி எடுக்கும் புல்லோடு போவது அதில் மிகச் சிறு பங்குதான்.

முதல் வெட்டு நன்றாக இருந்து மூன்றாம், நான்காம் வெட்டு சரிவதன் காரணம் இதுதான். தண்ணீர் மாறாவிட்டாலும், வேர் நிற்கும் மண் மாறிவிட்டது.

பயிருக்குள் நடப்பது

உப்பின் தாக்கம் இரு கட்டங்களில் வருகிறது. முதலாவது, நீர் கிடைக்காமை. வேர் நீரை உறிஞ்சுவது பிரசாரணத்தால், அதாவது உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் ஈர்க்கப்படுவதால். மண்ணீரில் உப்பு ஏறினால் அந்த இழுவை தளர்கிறது. மண் ஈரமாகவே இருக்கும், புல் மட்டும் நண்பகலில் வாடும். இலைகள் விரிவது குறையும், கணுவிடை குறுகும், புதிய தூர் வெடிப்பது தாமதிக்கும், நிறம் சற்று நீலம் பாய்ந்த கரும்பச்சையாக மாறும். தானியப் பயிரில் கதிர் வரும் வரை தப்பிக்க வழியுண்டு. தீவனப் பயிரில் இலையும் தண்டுமே விளைச்சல் என்பதால், இலை விரிவதில் வரும் சிறு தளர்ச்சியும் நேரே கட்டுக்கணக்கில் தெரிந்துவிடும்.

இரண்டாவது கட்டம் மெதுவானது. சோடியமும் குளோரைட்டும் நீரோடு ஏறி முதிர்ந்த இலைகளில் சேர்கின்றன. இலை நுனி முதலில் கருகி, ஓரமாக இறங்கி, பின்னர் முழு இலையும் காய்கிறது. சோடியம் மிகும்போது பயிர் பொற்றாசியத்தை எடுப்பதும் தடைப்படும்.

இதை எருக் குறைவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நைதரசன் குறைந்த சோளனில் (மக்காச்சோளத்தில்) முதிர்ந்த இலையின் நுனியில் மஞ்சள் தொடங்கி நடுநரம்பு வழியே உட்புறமாகப் பாயும்; உப்பு நுனியையும் ஓரத்தையும் கரிக்கும், நடுநரம்பு பச்சையாக நிற்கும். பொற்றாசியக் குறைவும் ஓரத்தைத்தான் கரிக்கும் என்பதால், இலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் நிலத்தையும் பாருங்கள். உப்பினால் வரும் சேதம் ஒரே சீராக இருக்காது; திட்டுத் திட்டாக இருக்கும். காலையில் ஈரம் காயும்போது வரம்பின் முகட்டில் வெண்மையாகப் பூக்கும். வேலியோரத்தில் உவர் நிலச் செடியான உமரி முளைக்கத் தொடங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அளந்து பார்த்தல்

“வாயில வைச்சா உப்புக் கரிக்கல்ல, பிறகென்ன தம்பி?” என்று வயதில் மூத்த பண்ணையாளர்கள் கேட்பதுண்டு. நாக்கு உணரும் எல்லையும் பயிர் உணரும் எல்லையும் வேறு வேறு. ஒன்றரை டெசிசீமன் நீரைப் பலர் குடிநீராகவே பழகிக்கொள்வார்கள். அந்த நீரே வடிகால் இல்லாத பாத்தியில் சோளனைச் சில மாதங்களில் குட்டையாக்கிவிடும். ஆகவே அளக்க வேண்டும்.

பேனை அளவிலான மின்கடத்துதிறன் மானி ஒன்றைப் பண்ணைச் சங்கமாகச் சேர்ந்து வாங்குவது நல்லது. 1,413 மைக்ரோசீமன் என்று குறித்த நியமக் கரைசலும் உடன் வாங்கி, ஒவ்வொரு முறையும் மானி அந்த எண்ணைக் காட்டுகிறதா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். மானி கிடைக்காதவர்கள், சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலை அதே நீரால் இரண்டு மூன்று தரம் அலசி, வாய்வரை நிரப்பி, விவசாயப் போதனாசிரியர் மூலமாக ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம்.

மாதிரி எடுக்கும் நேரம் முக்கியமானது. இயந்திரத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பின் ஒரு மாதிரியும், இறைப்பை நிறுத்துவதற்குச் சற்று முன் இன்னொரு மாதிரியும் எடுங்கள். இரண்டாவது எண் தெளிவாகக் கூடியிருந்தால், கிணறு தன் நன்னீரைத் தாண்டிக் கீழுள்ள உவரைத் தொடுகிறது என்று பொருள். ஆண்டில் ஒருமுறை அளந்தால் போதாது. தை மாதத்தில் ஒரு டெசிசீமன் காட்டிய கிணறு ஆவணி, புரட்டாதியில் அதன் இரண்டு மூன்று மடங்கு காட்டக்கூடும். மாதம் ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதி வாருங்கள். அந்தக் கொப்பிதான் அடுத்த ஆண்டுக்கான திட்டம்.

நீர்ப்பாசனத்துக்கான பொது அளவுகோலின்படி 0.7 டெசிசீமனுக்குக் குறைந்த நீரில் எந்தப் பயிருக்கும் கவலையில்லை, 0.7 முதல் 3 வரை பயிரையும் மண்ணையும் பார்த்துப் பாவிக்கலாம். 3க்கு மேல் தாங்குதிறன் உள்ள பயிருக்கும் நல்ல வடிகாலுக்கும் மட்டுமே அது உரியது.

மண்ணையும் அளக்கலாம். வேர் நிற்கும் ஒரு அடி ஆழம் வரை மண்வெட்டியால் நாலைந்து இடத்தில் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, கட்டிகளைப் பொடியாக்குங்கள். நிறைப்படி ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு மழைநீர் அல்லது வடித்த நீர் சேர்த்து, மூடிய போத்தலில் நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் அடைய விட்டு, மேல்நீரை மானியால் அளக்க வேண்டும். கிடைத்த எண்ணை மணலுக்கு 15ஆலும், இருவாட்டிக்கு (மணலும் களியும் கலந்த மண்) 10ஆலும், களிக்கு 7ஆலும் பெருக்கினால் வேர் உண்மையில் உணரும் மண்ணீரின் உவர் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். மணலில் 0.3 என்று காட்டினால் சிறியதாகத் தோன்றும். உண்மையில் அது 4.5 டெசிசீமன். கீழே பயிர்களுக்குச் சொல்லப்படும் எல்லைகள் எல்லாம் இந்த மண் அளவுக்கே உரியவை, கிணற்று அளவுக்கு அல்ல. இரண்டுக்கும் உள்ள தொடர்பு எளிது: ஊற்றும் நீரில் 15 முதல் 20 வீதம் வரை வேருக்குக் கீழே கழிந்து போகும் நிலத்தில், மண்ணின் உவர் கிணற்று நீரின் ஒன்றரை மடங்கில் நிலைகொள்ளும். கழிந்து போக வழியில்லாத நிலத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே அது ஏறிக்கொண்டே போகும்.

நீருக்கு ஏற்ற பயிர்

ஒவ்வொரு பயிருக்கும் ஓர் எல்லை உண்டு. அதுவரை விளைச்சல் குறையாது. அதைத் தாண்டிய ஒவ்வொரு டெசிசீமனுக்கும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் குறைந்து செல்லும். தீவனச் சோளனுக்கு அந்த எல்லை 1.8, பிறகு ஒவ்வொரு டெசிசீமனுக்கும் 7.4 வீதம் இழப்பு. தீவனத்துக்கு வளர்க்கும் கௌபிக்கு எல்லை 2.5, இழப்பு 11 வீதம். சூடான் புல்லுக்கு 2.8 எல்லை, ஆனால் இழப்பு 4.3 வீதம் மட்டுமே. இறுங்கு (சோர்கம்) 6.8 வரை தாங்கும், அதைத் தாண்டினால் 16 வீதமாகச் சரியும். நம் வளவுகளில் தானாகப் படரும் அறுகு 6.9 வரை தாங்கும், அதற்குப் பின்னும் 6.4 வீதமாக மெல்லவே குறையும்.

3 டெசிசீமன் கிணற்று நீரைப் பாய்ச்சி, வடிகாலும் நன்றாக இருந்து, மண் 4.5இல் நிற்கிறது என்று கொள்வோம். சோளன் தன் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். கௌபி அதைவிடச் சற்றுக் கூடுதலாக இழக்கும். சூடான் புல் 7 வீதம் அளவில் இழக்கும். இறுங்குக்கும் அறுகுக்கும் இழப்பே இல்லை. அதே நிலம், அதே தண்ணீர். ஆகவே ஆடி மாதத்தில் உவர் ஏறும் கிணற்றை வைத்துக்கொண்டு தீவனச் சோளனில் பிடிவாதமாக நிற்பதைவிட, சிறுபோகத்துக்கு இறுங்கு வர்க்கத்துக்கு மாறுவதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து. சோளனை மாரி மழையோடு ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து எடுத்துக்கொள்ளலாம்.

சீ.ஓ.3, சீ.ஓ.4 போன்ற கலப்பினப் புற்களும் கினிப்புல்லும் நடுத்தரமான தாங்குதிறன் உள்ளவை. கிணற்று நீர் 2 டெசிசீமனுக்குள் நிற்கும் வரை அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. வாய்க்கால் ஓரத்துச் சதுப்பில் பாராப்புல் ஓரளவு உவரையும் தேங்கிய நீரையும் சேர்த்துத் தாங்கும். அறுகை ஒரு தீவனமாகவே பலர் மதிப்பதில்லை. எடையில் அது சீ.ஓ.3 உடன் போட்டியிட முடியாதுதான். ஆனால் வாவியோரத்தில் வேறெதுவும் நிற்காத திட்டில் மண்ணை மூடி, உப்புப் பூப்பதைத் தடுத்து, ஆட்டுக்கும் கன்றுக்கும் மேய்ச்சலாக நிற்கும் புல் அதுவே.

ஒரே பயிரிலும் பருவத்துக்குப் பருவம் தாங்குதிறன் மாறும். முளைக்கும் காலமும் முதல் மூன்று வாரமுமே மிக நொய்மையானவை. பிடித்து வளர்ந்த புல் தாங்கும் நீர், புதிதாக நட்ட தண்டைக் கொன்றுவிடும். எனவே நல்ல நீர் கொஞ்சமே கிடைக்கும் இடத்தில் அதை ஆண்டு முழுவதும் பகிர்ந்து வீணாக்காமல், நடவுக்கும் முதல் மூன்று வாரத்துக்கும் ஒதுக்குங்கள்; உவர் நீரைப் பிறகு பாய்ச்சலாம். குளத்து வாய்க்கால் நீர் கிடைப்பவர்கள் கலந்தும் பாவிக்கலாம். 4 டெசிசீமன் கிணற்று நீரையும் 0.3 டெசிசீமன் வாய்க்கால் நீரையும் தொட்டியில் சரிபாதியாகக் கலந்தால் 2.15 கிடைக்கும். ஆயினும், இயலுமானால் முறை வைத்து மாற்றி மாற்றிப் பாய்ச்சுவதையே நான் விரும்புவேன். கலந்துவிட்டால் நல்ல நீர் என்று ஒன்று கையில் மிஞ்சாது.

பாத்தியும் வரம்பும்

வரம்பு கட்டிச் சாலில் நீர் விடும்போது நீர் சாலிலிருந்து பக்கவாட்டாக ஊறி வரம்பின் முகட்டை நோக்கி ஏறுகிறது. அது காயுமிடம் முகடு என்பதால் உப்பும் அங்கேயே சேரும். வரம்பின் நட்ட நடு உச்சியை விரலால் சுரண்டிப் பாருங்கள்: மேலே மெல்லிய வெண்பொருக்கு, அதன் கீழே அரை விரற்கடைக்குப் பொருபொருத்த உலர்மண், அதற்குக் கீழேதான் ஈரம். நம் வழக்கப்படி நடுதண்டை ஊன்றுவதோ அந்த உச்சியில்தான். உவர் நீர் பாயும் நிலத்தில் தண்டை வரம்பின் தோளில், நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சரிவாக ஊன்ற வேண்டும். வரம்பை ஒரு பக்கம் சரிந்த வடிவில் கட்டி, சரிந்த பக்கத்தில் நட்டால் உப்பு மறுபக்கத்து உச்சிக்குப் போய்விடும்.

நிலத்தை மட்டமாக்குவதில் சிரமம் பாராதீர்கள். மேடு நனையாமல் உப்பேறும். பள்ளத்தில் நீர் தேங்கி வேர் மூச்சு முட்டும். தேங்கிய நீரும் உப்பும் சேர்ந்தால் பயிர்படும் துன்பம் தனித்தனியே ஒவ்வொன்றால் வருவதைவிட மிகவும் கூடியது.

வரம்புகளுக்கிடையே வைக்கோலோ தென்னோலையோ பரப்புங்கள். பெரும்போக அறுவடைக்குப் பிறகு வைக்கோலை வயலிலேயே எரித்துவிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அதே வைக்கோல் மூடுபடையாகக் கிடந்தால் மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் குறையும். நீர் குறைவாக ஏறினால் உப்பும் குறைவாகவே மேலே வரும்.

பாய்ச்சும் முறை

உவர் நீரைப் பாய்ச்சும்போது இரண்டு விதிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மண் நன்றாகக் காயும் வரை விடக் கூடாது. ஈரம் பாதியானால் மண்ணீரின் உவர் இரட்டிக்கும். அடுத்தது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் பயிரின் தேவைக்கு மேலே ஒரு பங்கு கழுவு நீராகச் சேர்க்க வேண்டும். ‘உப்புத் தண்ணி, அதனால் கொஞ்சமாக விடுவோம்’ என்ற எண்ணம் இயல்பானது, விளைவு நேர்மாறானது. குறைத்து விட்ட நீர் மேல்மண்ணிலேயே நின்று காய்ந்து அத்தனை உப்பையும் வேரிடமே ஒப்படைத்துவிடும்.

கழுவு நீரின் பங்கைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு. பயிர் தாங்கும் மண் அளவை ஐந்தால் பெருக்கி, அதிலிருந்து கிணற்று அளவைக் கழித்து, வந்த எண்ணால் கிணற்று அளவை வகுக்க வேண்டும். 3 டெசிசீமன் நீரில் இறுங்குக்கு: 6.8ஐ ஐந்தால் பெருக்கினால் 34. மூன்றைக் கழித்தால் 31. மூன்றை 31ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10 வீதம். சோளனுக்குப் பத்து வீத இழப்பைப் பொறுத்துக்கொண்டு 3.15 டெசிசீமன் என்று வைத்தாலும் 24 வீதம் வேண்டும். நாம் முதலில் எடுத்த கால் ஏக்கரில், வாரத்துக்கு 35,000 லீற்றருக்குப் பதிலாக இறுங்குக்கு 39,000 லீற்றரும் சோளனுக்கு 46,000 லீற்றரும் இறைக்க வேண்டிவரும். டீசல் செலவு மட்டுமல்ல, கிணறே அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பயிரை மாற்றுங்கள் என்று மேலே வற்புறுத்தியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

தூவல் முறையில் உவர் நீரை இலையில் படவிட வேண்டாம். இலை நேராகவே சோடியத்தையும் குளோரைட்டையும் உறிஞ்சும். கச்சான் வீசும் பகலில் துளிகள் நொடியில் காய்ந்து உப்பாக ஒட்டிக்கொள்ளும். வேறு வழியில்லையென்றால் இரவில் மட்டும் தூவுங்கள். சொட்டு நீர்க் குழாய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உப்பு ஈர வட்டத்தின் விளிம்பில் சேரும். முதல் மழை சிறு தூறலாகப் பெய்தால் அது விளிம்பு உப்பைக் கரைத்து வேருக்குள் இழுத்துவிடும். ஆகவே தூறல் நாளில் சொட்டு நீரை நிறுத்தாமல், பலத்த மழை வரும் வரை ஓட விடுங்கள்.

மாரியைக் கொண்டு கழுவுதல்

மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையிலான நாலைந்து மாதத்துக்குள் கொட்டிவிடுகிறது. இந்த மழையே நமக்குள்ள மிகச் சிறந்த கழுவு நீர். ஓர் அடி ஆழ மண்ணின் ஊடாக ஓர் அடி நீர், அதாவது 300 மில்லிமீற்றர், உண்மையாக இறங்கிச் சென்றால் அந்த மண்ணில் உள்ள உப்பில் 70 முதல் 80 வீதம் வரை கீழே போய்விடும். மழை பெய்வதும் அது மண்ணினூடாக இறங்குவதும் ஒன்றல்ல. அதில்தான் நம் வேலை இருக்கிறது.

புரட்டாதி முடிவதற்குள் நிலத்தைச் சுற்றி அரை அடி உயரத்துக்கு வரம்பு கட்டி, இறுகிய மேல்மண்ணை முள்ளுமண்வெட்டியால் கிளறி, மழைநீர் ஓடிவிடாமல் நின்று இறங்கும்படி செய்யுங்கள். பெருமழைகள் சில பெய்த பின்னர் வடிகாலைத் திறந்து விடுங்கள். வாவி பெருகி நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும் மார்கழி நாட்களில் எவ்வளவு நீர் நின்றாலும் அது கீழே இறங்காது. முகத்துவாரம் திறந்து வாவி மட்டம் இறங்கும் வரை தாழ்ந்த நிலங்களில் கழுவுதல் நடைபெறாது. ஆகவே வாவியோரத்தில் உள்ளவர்கள் ஐப்பசியின் முதல் மழைகளையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

2004ஆம் ஆண்டு கடற்கோளுக்குப் பின் இந்தக் கரையில் எத்தனையோ கிணறுகளும் வளவுகளும் உவராகிக் கிடந்தன. கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்ததை விட, அடுத்தடுத்து வந்த பருவமழைகளே அவற்றை மீட்டன. மணல் நிலத்துக்கு அந்தக் குணம் உண்டு: உப்பு விரைவாக ஏறும், விரைவாகவே இறங்கும்.

களிமண் வேறு

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் களி கலந்த தாழ்நிலங்களில் இந்த முறையை அப்படியே கைக்கொள்ள முடியாது. நீரில் சோடியம் மிகுந்திருந்தால் அது களித் துகள்களில் ஒட்டி அவற்றைப் பிரித்துவிடும். மண் ஈரத்தில் சேறாகக் குழையும், காய்ந்தால் கல்லாக இறுகும், நீர் உள்ளே இறங்காது. கண்ணாடிக் குவளையில் மழைநீர் எடுத்து, உலர்ந்த மண் கட்டி ஒன்றைக் கலக்காமல் மெல்ல விடுங்கள். கட்டி உதிர்ந்தாலும் நீர் தெளிவாக நின்றால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால் அது சோடிய மண்.

அத்தகைய மண்ணை மழைநீரால் மட்டும் கழுவினால் உப்புப் போகும், சோடியம் நின்றுவிடும், மண் இன்னும் இறுகும். மழைக்கு முன் ஜிப்சம் இட்டு மேல்மண்ணோடு கலக்க வேண்டும். அதிலுள்ள கல்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், பிறகு மழை அதைக் கொண்டுபோகும். எவ்வளவு இடுவது என்பது மண் பரிசோதனையைப் பொறுத்தது. பக்கத்து வளவுக்காரர் இட்ட அளவை அப்படியே பின்பற்றுவது பணத்தை மண்ணில் போடுவதாகவே முடியும். தொழுவெருவும் கூட்டெருவும் இந்த மண்ணைப் பொருபொருப்பாக்க உதவும்.

எருவும் உரமும்

யூரியாவை ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் சிறு சிறு பங்காகப் பிரித்து இடுங்கள். பொற்றாசியத்துக்கு வழக்கமாக இடும் மியூரியேற் ஒஃப் பொட்டாஷ் ஒரு குளோரைட்டு உப்பு; உவர் நிலத்தில் அதைக் குறைத்து, கிடைத்தால் சல்பேற்று வடிவத்தைப் பாவியுங்கள். கோழியெரு உப்பு மிகுந்தது. புதிதாக ஒருபோதும் இட வேண்டாம், மக்க வைத்து, மழைக்கு முன் இடுங்கள்.

கிணற்றைக் காத்தல்

கரையோர மணலுக்குள் இருக்கும் நன்னீர், பால்மேல் ஆடை படிவதுபோல, உவர் நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது உவரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது கொள்கைக் கணக்கு. திருப்பிப் பார்த்தால், நீண்டகால இறைப்பால் மேல்மட்டம் ஒரு சாண் இறங்கினாலே அடியிலிருந்து உவர் பல மீற்றர் ஏற இடமுண்டு. பெரிய இயந்திரத்தைப் போட்டு ஒரே மூச்சில் கிணற்றை வற்றவிடுவதே இதில் மிகக் கேடான பழக்கம். சிறிய இயந்திரத்தால், காலையும் மாலையுமாகப் பிரித்து, ஆழமில்லாத இரண்டு மூன்று கிணறுகளில் மாற்றி மாற்றி இறையுங்கள். உவர் ஏறுகிறது என்று கிணற்றை மேலும் ஆழமாக்குவது உவரைத் தேடிப் போவதாகும். குழாய்க்கிணறு அடிப்பவர்கள் ஆழத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். இந்த மணலில் அது பெருமையல்ல.

வெட்டும் நேரமும் மாட்டின் வாயும்

உவரில் வளர்ந்த புல் குட்டையாக இருந்தாலும் நாள் கணக்கில் முதிர்ந்துவிடும். உயரம் வரட்டும் என்று காத்திருந்தால் நார் கூடி, கீழிலை காய்ந்து, மாடு ஒதுக்கிவிடும். சீ.ஓ.3ஐ ஏறத்தாழ 45 நாளுக்கு ஒருமுறை வெட்டும் ஒழுங்கை உயரம் குறைந்தாலும் மாற்ற வேண்டாம்.

இறுங்கு, சூடான் புல் இரண்டிலும் ஓர் ஆபத்து உண்டு. இளம் துளிரிலும், வாட்டத்தில் நின்று மீண்டும் தளிர்த்த பயிரிலும் ஐதரசன் சயனைட்டு என்ற நஞ்சு உண்டாகும். ஒன்றரை முதல் இரண்டு அடி உயரம் தாண்டாத பயிரை வெட்டிப் போடவோ மேயவிடவோ கூடாது. பசியோடு வந்த பட்டியை நேரே இறுங்கு வயலில் விடுவது மிகக் கேடு. முதலில் வைக்கோலோ வேறு புல்லோ தின்னக் கொடுங்கள். தின்ற சிறிது நேரத்தில் மாடு மூச்சிரைத்து, தள்ளாடி, விழுந்தால் காத்திராமல் கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

உவர் நிலத்துப் புல்லில் சோடியமும் குளோரைட்டும் கூடுதலாக இருக்கும். அதைத் தின்னும் மாடு கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். அந்தத் தண்ணீரும் உவரானால் உண்ணும் அளவு குறைந்து பால் இறங்கும். மாட்டின் குடிநீர் 1.5 டெசிசீமனுக்குள் இருந்தால் மிக நல்லது. 5 வரை பாவிக்கலாம், பழகாத மாட்டுக்கு முதலில் சில நாள் கழிச்சல் வரலாம். 5 முதல் 8 வரையானது மாட்டுக்கு ஒருவாறு பொருந்தினாலும் கோழிக்கு ஆகாது. 8க்கு மேல் கறவை மாட்டுக்கும் சினை மாட்டுக்கும் கன்றுக்கும் கொடுக்கக் கூடாது. கிணறு ஒன்றுதான், அதுவும் கோடையில் ஏறுகிறது என்றால், புல்லுக்கு அதைப் பாய்ச்சி, கறவை மாட்டின் தொட்டிக்கு மட்டும் மழைநீரையோ குழாய் நீரையோ தனியாக ஒதுக்குங்கள். தொழுவத்துக் கூரையில் பீலி பொருத்தி மார்கழியில் ஒரு தாங்கி நிரப்பி வைத்தாலும், கிணற்று நீரோடு கலந்து கொடுக்க அது கோடையில் கைகொடுக்கும்.